ஏரியின் மகளுக்கு ஒரு பெயர் உண்டு

"அது நான்!"

சனிக்கிழமை மத்தியானம். கிழக்கு லண்டனில், பார்க்கிங் பகுதி நூலகத்தின் அமைதிக்குள் அந்தக் குரல் கல்லெறிந்த மாதிரி விழுந்தது. பத்திரிகை படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். பிள்ளைகள் பகுதியில் ஒரு குழந்தை சிணுங்கத் தொடங்கியது.

பிரியந்தி எதையும் கவனிக்கவில்லை. மழைக்கு ஒதுங்கியவள் அவள். காலை முழுக்கக் கார் ஓட்டப் பழக்கிவிட்டு, அடுத்த மாணவி வரும்வரை ஒரு கோப்பி குடிக்கலாம் என்று உள்ளே வந்தவள், முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்றுவிட்டாள்.

எதிர்ச் சுவரில் கதவளவுக்கு ஒரு புகைப்படம். சாம்பல் நீலத்தில் ஏரி... அதற்குப் பின்னால் பனி பூசிய மலைகள்... முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒரு பெண். தலையில் பூப்போட்ட துணி. உடம்பில் யாரோ ஆணுடைய கம்பளிக் கோட்டு. கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் குதிரைக்குட்டி. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கன்னமும் ஒரு கண்ணின் ஓரமும்தான் தெரிந்தன.

கீழே எழுதியிருந்தது: "ஏரியின் மகள். காலம் என்றால் என்னவென்று அறியாத கிர்கிஸ் நாடோடிப் பெண்."

"எது நீங்க?"

ஏணியின் உச்சியிலிருந்து ஒருவன் கேட்டான். கையில் சுத்தியல். வாயோரம் ஒரு ஆணி. ஆணியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். முப்பதைத் தாண்டியிருக்கலாம். கோபப்படவே தெரியாதது போல் ஒரு சோடிக் கண்கள்... அவற்றைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"இது! இந்தப் படத்தில நிக்கிறது!"

அவன் படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு.

"இல்லீங்க... இது கிர்கிஸ்தான். சொங்-கோல் ஏரி. ரொம்ப உயரத்துல இருக்கு, ஒழுங்கான ரோடே கிடையாது. ஜீப்லதான் ஏறணும். இவங்க அங்க கூடாரத்துல இருக்கற பொண்ணு."

"ஓம், ஜீப்பிலதான் ஏறவேணும். அந்த ஜீப்பை ஓட்டினதே நான்தான்."

சிரிப்பு நின்றது.

"ஆத்தைக் கடக்கேக்க ஜீப் கல்லில மாட்டிக்கொண்டுது. நாலு பொம்பிளையள், இறங்கித் தள்ளினனாங்கள். என்ர உடுப்பு முழுக்க நனைஞ்சு போச்சு. ஐனூரா எண்டவதான் கூடாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், தன்ர மனுசன்ர கோட்டும் தன்ர தலைத்துணியும் தந்தவ. அவவின்ர குட்டி ஏரிக்குள்ள இறங்கினதால பிடிக்கப் போனனான். அப்ப நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

"மேட்டு மேல... எங்க வண்டி அங்க மக்கர் பண்ணி..."

"மேட்டில ஒளிச்சு நிண்டு எடுத்திருக்கிறீங்கள்!"

"ஒளிஞ்செல்லாம் இல்லீங்க! தூரமா இருந்தேன். பெரிய லென்ஸ்..."

"கேட்டனீங்களோ?"

"கேக்கலாம்னு இறங்கி வந்தேன். அதுக்குள்ள ஒரு ஜீப் கெளம்பிப் போயிடுச்சு..."

"கேட்டனீங்களோ, இல்லையோ? ஓமோ, இல்லையோ?"

"ஓமோன்னா...?"

"ஆமாவோ எண்டு கேக்கிறன்!"

"இல்ல," என்றான் அவன் மெதுவாக. "கேக்கல."

அதோடு விட்டிருப்பாள். ஆனால் அந்த வாசகம் மறுபடி கண்ணில் குத்தியது.

"காலம் அறியாதவளாம்! ஐனூராவைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? பனி மூட முதல் மலையால இறங்கவேணும் எண்டு ஒவ்வொரு நாளும் வானத்தையும் போனையும் மாறி மாறிப் பாக்கிறவ அவ. பிள்ளையள் கீழ நரின் டவுனில படிக்குதுகள். சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி நிண்டு அதுகளோட கதைப்பா. மனுசன் மொஸ்கோவில லொறி ஓட்டுறார். அவவுக்குத்தான் காலம் தெரியாதோ? லீவில ஜீப் ஏறிப் போன உங்களுக்குத்தான் தெரியுமோ?"

அவன் காது மடல்கள் சிவந்தன. அவனுக்கும் ரோஷம் இருந்தது.

"நானும் சும்மா போயிட்டு வரலீங்க. எலும்பெல்லாம் கழண்டு போற மாதிரி ஒரு பாதையில குலுங்கிப் போய் எடுத்த படம். பொது இடத்துல எடுத்தேன். மூஞ்சி கூடத் தெரியல. சட்டப்படி இதுல தப்பு எதுவும்..."

சட்டப்படி! அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

"சட்டத்தைக் கொண்டு போய் உங்கட கமராவுக்குள்ள வையுங்கோ. இந்தப் படத்தைக் கழட்டுங்கோ."

"நாளைக்குத் திறப்பு விழாங்க. நடுச் சுவரே இதுதான்."

"நீங்கள் கழட்டாட்டி நானே வந்து கழட்டுவன்!"

வெளியே வந்து காருக்குள் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். காரின் தலையில் 'பிரியந்தி டிரைவிங்' என்ற பலகை ஒருமுறை ஆடி நின்றது. கண்ணாடியில் மழை வழிந்தது.

கோபம் மட்டும்தானா? இல்லை. உள்ளே பயமும் இருந்தது. அம்மா... அம்மா அந்தப் படத்தைக் கண்டால்?

போன கோடையில் அவள் பேர்மிங்ஹாமில் டிரெயினிங் என்று சொல்லிவிட்டுத்தான் கிர்கிஸ்தானுக்குப் போனாள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வாரம் முழுக்க முப்பது மைல் வேகத்தில், மற்றவர்களின் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு இருக்கிறவளுக்கு, ரோடே இல்லாத இடத்தில் ஒருமுறை தானே ஓட்டிப் பார்க்க ஆசை. அவ்வளவுதான். ஆனால் அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. ரஷ்யா, கஸகஸ்தான் என்று தொலைக்காட்சியில் அந்தப் பக்கத்துப் பெயர் ஏதாவது கேட்டாலே எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிற அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பயம் பலித்தது.

அம்மா தவநாயகி கதிரையில் அசையாமல் இருந்தார். கையில் போன். அதில் கண்காட்சியின் விளம்பரம். விளம்பரம் முழுக்க அந்தப் படம்.

"பக்கத்து வீட்டுக் கிளறிற்றா அக்கா அனுப்பினவா. வடிவான படமாம்." அம்மாவின் குரல் தட்டையாக இருந்தது. "இது ஆர் பிள்ளை?"

கிர்கிஸ் பெண் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பிவிடலாம். படத்தின் கீழேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. நேற்று எந்தப் பொய்க்காக ஒருவனைக் கிழித்தாளோ, அதே பொய்!

"கோவம் வந்தால் உன்ர வலது தோள் இப்பிடித்தான் மேல ஏறும். மூண்டு வயசில இருந்து பாக்கிறன். எங்க இது?"

"கிர்கிஸ்தான் அம்மா. போன வருசம்..."

"பேர்மிங்ஹாம் எண்டாய்."

"சொன்னால் நீங்கள் விட்டிருக்க மாட்டீங்கள்..."

"விட்டிருக்க மாட்டன்தான்!" தவநாயகி எழுந்தார். பிரியந்தி அம்மாவை இப்படிக் கண்டதில்லை. "ஊரில சண்டைக்குத் தப்பி லண்டனுக்கு வரேக்க, ஏஜென்சிக்காரங்கள் என்னை லொறியில போட்டு, மேல தார்ப்பாயால மூடி, அதுக்கு மேல உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கித்தான் அந்தப் பக்கத்தால கொண்டு வந்தவங்கள். எந்த நாடு எண்டும் தெரியாது, எந்த மாசம் எண்டும் தெரியாது. லொறி ஏறி ஏறி இறங்கினது மட்டும் தெரியும். கூட வந்த பிள்ளை ஒண்டு இருமினதுக்கு, அதின்ர வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தன். நான் மூச்சடக்கித் தப்பி வந்த பக்கத்துக்கு நீ விளையாடப் போனியோ? அதுவும் எனக்கு ஒளிச்சு?"

அம்மா இத்தனை வருடத்தில் இவ்வளவு சொன்னதே இல்லை.

"அந்தப் படம் எடுத்த பெடியனைக் கூட்டிக்கொண்டு வா."

"ஏன் அம்மா?"

"என்ர பிள்ளையைக் கேக்காமல் படமெடுத்து ஊருக்குக் காட்டுறவனிட்ட எனக்கும் ரெண்டு கேள்வி இருக்கு."

"ஏலாது. அந்த ஆளை நான் இனி திரும்பியும் பாக்கமாட்டன்," என்றாள் பிரியந்தி.

செவ்வாய்க்கிழமை பார்த்தாள்.

பார்க்கிங் ஸ்டேஷன் வாசலில் ஒரு புது மாணவன் நிற்பான். பெயர் ஜி. மூர்த்தி, இந்திய லைசென்ஸ் செல்லாமல் போய்விட்டது, இரண்டு தரம் டெஸ்டில் பெயில். போனில் வந்த தகவல் இவ்வளவுதான். மழைத் தூறலில் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தவனைக் கண்டதும் அவளுடைய வலது தோள் தானாக ஏறியது.

"நீங்களோ!"

"குருமூர்த்தி," என்றான் அவன், ஜன்னலுக்கு வெளியே நனைந்துகொண்டே. "உங்க கார் மேல நம்பர் இருந்துச்சு. டெஸ்ட்ல பெயிலானது நெசம்ங்க, அதுல பொய் இல்ல. ஒரே ஒரு விஷயம் சொல்லணும். சொன்னதும் போயிடறேன். படத்தை அன்னிக்குச் சாயங்காலமே கழட்டிட்டேன். விளம்பரம் அதுக்கு முன்னாடியே எல்லார் போனுக்கும் போயிடுச்சு... அதை என்னால திருப்பி வாங்க முடியல. மன்னிச்சிடுங்க."

"நடுச் சுவர்?"

"காலியாத்தான் இருந்துச்சாம். நான் விழாவுக்கே போகல."

பிரியந்திக்கு ஏமாற்றமாக இருந்தது. மூன்று நாளாக மனதுக்குள் சாணை பிடித்து வைத்திருந்த கோபம்... இப்போது அதை எங்கே கொண்டு போய் வைப்பது? மன்னிப்புக் கேட்க ஒரு முறை இல்லையா? இப்படித் தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடக்க, ஒரு ஆட்டுக்குட்டி மாதிரியா கேட்பது?

"ஏறுங்கோ. சீட் பெல்ட்டைப் போடுங்கோ. நேரம் போகுது."

அவன் ஓட்டிய அழகு! ரயில்வே சிக்னலில் எஞ்சினியராம். ஆனால் ரவுண்டபவுட்டைக் கண்டால் நடுங்கினான். மூன்று தரம் எஞ்சின் நின்றது. பின்னால் வந்த பஸ் பொறுமை இழந்து ஹோர்ன் அடித்தது.

"ஏன் நிக்கிறீங்கள்? போங்கோ!"

"அவங்க எல்லாம் போகட்டும்னு..."

"லண்டன் முழுக்கப் போய் முடிய நாங்கள் போறதோ?"

அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி அதை மறைத்தாள்.

"ஐனூரா அக்கா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. குட்டி வளர்ந்துவிட்டது, மூத்த மகள் நர்சிங் படிக்கப் போகிறாள், கிழமைக்கொருக்கால் குரல் செய்தி வரும், பாதி விளங்காது என்று சொல்லிக்கொண்டே போனாள். அவன் காது கொடுத்துக் கேட்டான். கேட்டுக்கொண்டே லோங்பிரிட்ஜ் வீதியில் ஒழுங்காக ஓட்டினான் கூட.

பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்...

"ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் படம் ஒரு வருஷமா என் மேசை மேலதான் இருந்துச்சு. யாரு என்னன்னு தெரியாது. ஆனா தினமும் பாப்பேன். இப்படி ஒருத்தி கூட இருந்தா போதும்னு... கொஞ்சம் பைத்தியக்காரத்தனம்தான். இப்ப நீங்களே பக்கத்துல..."

"ஓரமா நிப்பாட்டுங்கோ."

"நல்லா ஓட்டறேனா?"

"இறங்குங்கோ."

"என்னங்க?"

"ஒரு வருசமா நீங்கள் பாத்தவ ஆர் எண்டு யோசிச்சனீங்களோ? வாய் திறக்காதவ. முகமே இல்லாதவ. ஏரிக்குள்ள நிண்டு உங்களுக்காகவே குதிரை பிடிக்கிறவ. அவ நான் இல்லை! நான் சண்டை பிடிப்பன். பஸ்காரனோட கத்துவன். என்ர அம்மாவுக்குப் பொய் சொல்லிப்போட்டு ரெண்டு நாளா அவவின்ர முகத்தைப் பாக்க ஏலாமல் திரியிறன். உங்களுக்குப் பிடிச்சது உங்கட படம். அதையே வைச்சுக்கொண்டிருங்கோ!"

அவன் இறங்கினான். கதவை மெதுவாகச் சாத்தினான். அந்த மெதுவும் அவளுக்குக் கோபத்தைத் தந்தது.

ஆனால் அம்மா விடவில்லை. எங்க அந்தப் பெடியன், எங்க அந்தப் பெடியன் என்று தினமும் கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார். வெள்ளிக்கிழமை பிரியந்தி பல்லைக் கடித்துக்கொண்டு போன் எடுத்தாள்.

"அம்மா வரச் சொன்னவா. ஞாயிறு பின்னேரம். எனக்காக இல்லை."

"வரேங்க," என்றான் அவன். வைத்த பிறகும் அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு வந்தான். தெற்கு லண்டனின் ஸ்ட்ரெதத்திலிருந்து இரண்டு ரயில் மாறி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, கதிரையின் நுனியில் இருந்தான். தவநாயகி அவனுக்கு எதிரே நிமிர்ந்து இருந்தார்.

"தம்பி, உங்களுக்குத் தங்கச்சி இருக்கோ?"

"இருக்காம்மா. திருச்சில."

"அவவை ஒருத்தன் கேக்காமல் எடுத்து, வேற நாட்டுக்காரி எண்டு எழுதி மாட்டினால் என்ன செய்வீங்கள்?"

"சட்டையைப் பிடிப்பேன்மா."

"அப்ப நான் என்ன செய்ய வேணும்?"

குருமூர்த்தி தன் பையை மடியில் எடுத்து வைத்தான். "தப்புதாம்மா. முதல்ல சட்டம் பேசினேன். அது அதைவிடப் பெரிய தப்பு. படத்தை உங்க முன்னாடியே அழிச்சிடறேன். எல்லாப் படமும் இதுலதான் இருக்கு." கொண்டு வந்த லப்டொப்பைத் திறந்தான்.

தவநாயகி திரையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பினார். பிரியந்தி எழுந்தாள். இனிப் போதும், இவனை அனுப்பிவிடலாம் என்றுதான் எழுந்தாள். அப்போது அம்மாவின் குரல் கேட்டது.

"அந்தப் பாதை... இருக்கோ? லொறி போற பாதை?"

குருமூர்த்தி தேடி எடுத்துக் காட்டினான். மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் மண் பாதை. ஒரு பக்கம் பள்ளம். புல்வெளி ஒன்றில் வெள்ளைக் கூடாரங்கள், புகை, மேயும் குதிரைகள். அதற்கு மேலே... எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று தெரியாத நீல வானம்.

அம்மாவின் கை மெல்ல நீண்டு திரையின் ஓரத்தைப் பிடித்தது.

"நான் வந்தது இதாலயோ, வேற எதாலயோ... தெரியாது," என்றார். "ஆனால் மேல இப்பிடி ஒரு வானம் இருந்திருக்கும். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. தார்ப்பாயில ஒரு ஓட்டை இருந்தது. பாக்கப் பயத்தில கண்ணை மூடிக்கொண்டு கிடந்திட்டன்."

பிரியந்தி அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். அம்மாவின் விரல்கள் அவள் தலையைத் தேடி வந்து நின்றன. ஒரு கிழமைக்குப் பிறகு!

குருமூர்த்தி ஆறுதல் சொல்ல முந்தவில்லை. கமராவைத் தேடவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய், ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

அதைப் பார்த்தபோதுதான் பிரியந்தியின் நெஞ்சுக்குள் ஏதோ இடறியது... ஐயோ, இப்படியெல்லாம் செய்யாதே என்று அவனைத் திட்ட வேண்டும் போலிருந்தது.

"அழிக்க வேண்டாம்," என்றார் தவநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவளிட்ட குடுங்கோ. அது அவளின்ர. பிள்ளை, தம்பியை ஸ்டேஷன் மட்டும் கொண்டுபோய் விடு."

காரை எடுக்காமல் நடந்தார்கள். ஏன் எடுக்கவில்லை என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. தூறல் பூவாக விழுந்தது. கோடை வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. அவள் இமைகளில் துளிகள் தங்கித் தங்கி உதிர்ந்தன.

"அன்னிக்கு நீங்க சொன்னது சரிதாங்க," என்றான் அவன் திடீரென்று. "எனக்குப் பிடிச்சது ஒரு படம்தான். படத்துல இருக்கறவங்க ஒரு நாள் கூட என்னைக் கேள்வி கேட்டதில்ல. அவங்களால எனக்கு ஒரு ராத்திரி கூடத் தூக்கம் கெட்டதில்ல. நல்ல சௌகரியம்." அவன் நின்றான். "லைப்ரரியில ஒருத்தி வந்து கத்தினா பாருங்க... அன்னியிலேருந்துதான் என் நிம்மதி போச்சு. நான் எழுதின ஒரு வரி தப்புன்னு யாரும் என்கிட்ட அப்படிச் சண்டை போட்டதில்ல. எனக்கு அந்தப் பொண்ணைத்தான் பிடிச்சிருக்கு. பிரியந்தியை. வேண்டாம்னா சொல்லிடுங்க, இனி வரமாட்டேன். வேற இன்ஸ்ட்ரக்டர் பாத்துக்கறேன்."

அவள் ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள்.

"ஏதாவது திட்டுங்களேன்..."

"திட்டுறதுக்கு ஒண்டும் வருதில்லை. அதுதான் எனக்கு இப்ப விசர்க்கோவமா இருக்கு!"

அவன் முகத்தில் வெளிச்சம் பரவுவதைப் பார்க்க முடியாமல், அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமை உங்களை மழையில இறக்கிப்போட்டு, அடுத்த ரவுண்டபவுட்டில திருப்பிக்கொண்டு வந்தனான். நீங்கள் பஸ் ஸ்டொப்பில கைலேஞ்சியால தலை துடைச்சுக்கொண்டு நிண்டனீங்கள். உங்களுக்குத் தெரியாது. நான் எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நிண்டு பாத்திட்டுப் போயிட்டன்."

"ஏன் ஏத்திக்கல?"

"ஏத்தினால் பிறகு இறக்க மனம் வராது எண்டு பயம்." குரல் உடைந்தது, உடனே அதற்கும் கோபப்பட்டு நிமிர்ந்தாள். "எனக்கும் பிடிச்சிருக்கு. போதுமோ? ஆனால் ஒண்டு. என்ர அம்மாவுக்கு இனி நான் எதையும் ஒளிக்கமாட்டன். இப்பவே போய்ச் சொல்லப் போறன். நீங்கள் வாறீங்களோ, ரயிலைப் பிடிக்கப் போறீங்களோ?"

ஸ்டேஷன் வாசல் பத்தடி தூரத்தில் இருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

இருவரும் வந்த வழியே திரும்பி நடந்தார்கள்.